முதுநிலைப் பட்டத்தின் பொருள்

(தாம்பரத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் கல்விப் பரிசளிப்புக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விஞ்ஞானத்தில் முதுநிலைப் பட்டம் என்பதன் பொருள் யாது என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாமோ இலக்கணமும் இலக்கியமும் கற்று, அவற்றைப் பள்ளிச் சிறார்க்குக் கற்பிக்கும் தொழிலினேம். சோதனைச் சாலையினுள் யாம் கால்வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பௌதிகமும் இரசாயனமும் கற்றார் பலர் இவ்வவையில் வீற்றிருக்க, இப்பொருளை எம்மிடம் ஒப்புவித்தது என்ன கருதியோ என்று முதலில் மயங்கினோம், பின்னர்த் தெளிந்தோம். சொல்லுக்குப் பொருள் கூறுதல் தமிழாசிரியர் தொழில். 'பட்டம்' என்பதும் ஒரு சொல். 'முதுநிலை' என்பதும் ஒரு சொல். ஆகலின் எம் தொழிலின் எல்லைக்குள் நின்றே சில கூறத் துணிந்தோம்.

இத்துணிவிற்கு வேறொரு காரணமும் உண்டு. சில நாட்களுக்கு முன்னர், நம் சங்கத்து முதியவர் ஒருவர் சேலையூர்க் கடைத்தெருவில் எம்மைக் கண்டு நிறுத்தி, "வாத்தியாரையா, என் பேத்தி பி.எஸ்ஸி. முடித்துவிட்டாள். எம்.எஸ்ஸி.க்கு இடமும் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷம் போனால் வயது இருபத்துமூன்று ஆகிவிடும். வேலைக்கென்றால் கம்ப்யூட்டர் படித்திருக்கலாம், கல்யாணத்துக்கென்றால் பி.எஸ்ஸி.யே போதும். அந்தப் படிப்புக்கு அர்த்தம்தான் என்ன? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். அவ்வமயம் எமக்குத் தக்க விடை தோன்றவில்லை. சிந்தித்துக் கூறுவதாகச் சொல்லி விடைபெற்றோம். அப்பெரியவர் இன்று இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். யாம் இன்று கூறப்போவது, அன்று அவர்க்குக் கடன்பட்ட விடையேயாகும்.

முதற்கண் 'பட்டம்' என்னும் சொல்லை நோக்குவோம். அரசரும் தலைவரும் நெற்றியில் அணிந்த பொற்றகட்டிற்குப் பட்டம் என்று பெயர். பட்டம் கட்டுதல், பட்டத்தரசி, பட்டத்து யானை என்னும் வழக்குகள் யாவும் அப்பொருள்பற்றி வந்தவை. சிறுவர் நூலிற் கட்டி வானில் விடும் காற்றாடிக்கும் பட்டம் என்று பெயர். மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. அதனை உழவர் நன்கு அறிவர். விதைத்தற்குரிய பருவமும் பட்டமே. ஆடிப் பட்டம் தேடி விதை என்னும் பழமொழியை அறியாதார் நம்முள் யார்? நம் மக்கள் கல்லூரியிற் பெறும் பட்டத்தை நாம் இம்மூன்றனுள் எதுவாகக் கொள்கின்றோம்? பிறர்க்குக் காட்ட நெற்றியில் அணியும் தகடாகவா? நூல் அறுந்தால் எங்கோ சென்று வீழும் காற்றாடியாகவா? விதைக்கும் பருவமாகவா? இவ்வினாவை மனத்திலிருத்தி மேலே செல்வோம்.

இனி, 'முது' என்னும் அடையைப் பார்ப்போம். முதுமை என்பது ஆண்டு மிகுதலை மட்டும் குறிப்பதன்று. 'முதுக்குறைவு' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. அஃது அறிவு நிரம்புதலைக் குறிப்பது. இளம்பெண் ஒருத்தி பெரியோர்க்குரிய அறிவுடன் ஒழுகுமிடத்துப் பண்டைப் புலவர் அச்சொல்லை வழங்கினர். ஆண்டில் இளையாளும் அறிவில் முதியாளாதல் கூடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு அவ்வொரு சொல்லே சான்று.

ஆங்கிலத்தில் இப்பட்டத்திற்கு 'மாஸ்டர் ஆப் சயன்ஸ்' என்று பெயர். அதனைச் சுருக்கி எம்.எஸ்ஸி. என்கின்றோம். மாஸ்டர் என்னும் சொல் 'மாஜிஸ்டர்' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. அதற்கு ஆசிரியன் என்பதே பொருள். ஐரோப்பாவில் பாரிஸ், ஆக்ஸ்போர்டு முதலிய இடங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றிய இடைக்காலத்தில், ஆசிரியர்கள் தமக்குள் ஒரு குழாமாகக் கூடியிருந்தனர். நெடுநாள் பயின்று தேறிய மாணாக்கனை அக்குழாத்தில் ஒருவனாக ஏற்று, 'இனி நீயும் கற்பிக்கலாம்' என்று உரிமை வழங்கியதே அப்பட்டத்தின் தொடக்கம். ஆகவே, தோன்றிய காலத்தில் அது செல்வத்திற்கோ பதவிக்கோ அடையாளமாக இல்லை. பிறர்க்குக் கற்பித்தற்குரிய உரிமைச் சீட்டாக இருந்தது.

நம் தெருக்களிலும் இப்பொருள் அழியாமல் நிற்கின்றது. தையற்கடையில் துணி வெட்டுபவரை மாஸ்டர் என்கின்றோம்; தேநீர்க் கடையில் அடுப்பின்முன் நிற்பவரையும் மாஸ்டர் என்கின்றோம். அவர்கள் எக்கல்லூரியிலும் பட்டம் பெற்றவரல்லர். எனினும் தம் தொழிலை முற்ற அறிந்தவர்கள். அதனை இளையவன் ஒருவனுக்குக் கைபிடித்துப் பழக்கவல்லவர்கள். முற்ற அறிதல், பிறர்க்கு அறிவித்தல் என்னும் இவ்விரண்டுமே அச்சொல்லின் உயிர். நம் மாநிலத்து மேனிலைப் பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்களில் பாடம் சொல்வோரை முதுகலை ஆசிரியர் என்று வழங்குவதும், அப்பதவிக்கு முதுநிலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் வேண்டும் என்று விதித்திருப்பதும் இப்பழம்பொருளின் தொடர்ச்சியே.

சொல்லின் பொருள் இது. அப்படிப்பினுள் நிகழ்வது யாது என்பதையும் நோக்க வேண்டும். நம் நாட்டில் மூன்றாண்டு இளநிலை பயின்றபின் ஈராண்டு முதுநிலை பயிலுதல் பெருவழக்கு. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னர், நான்காண்டு இளநிலை பயின்றோர்க்கு ஓராண்டில் முதுநிலை முடிக்கும் முறையும் வகுக்கப்பட்டுள்ளது. ஆண்டுகளின் எண்ணிக்கையில் இப்பட்டத்தின் வேறுபாடு அடங்கிவிடாது. அவ்வேறுபாட்டை எம் பழைய மாணாக்கர் சிலரை உசாவி அறிந்தவாறு ஓர் உவமையாற் கூறுகின்றோம்.

நம் செம்பாக்கம் ஏரி நீரை ஒரு குப்பியில் எடுத்துவந்து இளநிலை மாணவர் கையிற் கொடுத்தால், அதன் கடினத்தன்மையை அளக்கும் முறையை அவர் செய்து காட்டுவார். அம்முறை நூலில் உள்ளது; வரவேண்டிய விடை ஏறத்தாழ எவ்வளவு என்பதை ஆசிரியரும் அறிவார். முதுநிலை மாணவரை நோக்கி ஆசிரியர், "இவ்வேரி நீர் மழைக்காலத்தில் ஒருவாறும் கோடையில் மற்றொருவாறும் இருப்பது ஏன்? ஆராய்ந்து வருக" என்பார். எங்கெங்கே நீர் எடுப்பது, எத்தனை திங்கள் எடுப்பது, எதனை அளப்பது, பிழை புகாமற் காப்பது எங்ஙனம் என்பவற்றை அம்மாணவரே எண்ணித் துணிதல் வேண்டும். இங்கு விடை ஆசிரியர்க்கும் முன்னரே தெரியாது. விடை அறியப்பட்ட வினாவினின்று விடை அறியப்படாத வினாவிற்கு ஒருவர் கடந்து செல்லும் வாயிற்படியே முதுநிலைக் கல்வி. அப்படியில் நின்று, 'இவ்வளவு யான் அறிவேன். இதற்குமேல் அறியேன்' என்று நாணாமற் கூறப் பழகுதலே அதன் பெரும்பயன்.

இப்பயிற்சி நமக்கு வேண்டாத ஒன்றன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் ஆழ்ந்ததை நாம் மறந்தோமல்லோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் பல மாடியில் ஏறி நின்றன. வெள்ளம் வடிந்தபின் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டோம். நீர் எவ்வேரிகளினின்று எவ்வளவு வந்தது, எவ்விடத்தில் வழி குறுகியது, எத்தெரு எத்தனை அடி தாழ்ந்தது என்று அளந்து பேசியவர் நம்முள் எத்தனை பேர்? ஊரிற் சினந்து பேசுவோர் பலர் இருக்க, அளந்து பேசுவோர் சிலரேனும் இல்லையாயின் அவ்வூர்க்கு விடிவு இல்லை.

விஞ்ஞானம் எங்கோ தொலைநாட்டில் நிகழ்வது என்று எண்ணற்க. கிண்டியிலிருந்து தாம்பரம் வரையில் நாம் நாள்தோறும் மின்சார ரெயிலிற் செல்கின்றோம். அவ்வழியிலேயே மூன்று சான்றுகள் உள்ளன.

பல்லாவரத்தை எடுத்துக்கொள்வோம். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நில நூல் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார் அவ்வூர்ச் செம்மண் சரளைக் குழியொன்றிற் கிடந்த ஒரு கல்லை எடுத்தார். அது மனிதன் கையாற் செதுக்கிய பழைய கற்கோடரி என்று கண்டறிந்தார். இந்நாட்டில் பழைய கற்கால மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு முதற்சான்றாக அறியப்பெற்றது அக்கல்லே. அக்குழியை ஆயிரவர் கடந்து சென்றிருப்பர். கல்லும் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும். ஒருவர் மட்டும் 'இஃது ஏன் இவ்வடிவினதாயிற்று?' என்று வினவினார். நம் மண்ணின் தொன்மை அவ்வினாவினால் வெளிப்பட்டது.

அடுத்தது குரோம்பேட்டை. அவ்வூர்க்கு அப்பெயர் வந்தது, குரோம் உப்பினால் தோல் பதனிட்ட தொழிற்சாலை ஒன்றினால். தோலின் உறுதிக்குக் காரணமான பொருளைக் கொலாஜன் என்பர். குரோம் அப்பொருளின் இழைகளைப் பிணித்து நிறுத்துவதனாலேயே தோல் அழுகாமல் நிற்கின்றது. தோல் பதனிடுதல் நம் நாட்டில் நெடுநாளைய தொழில். ஆயினும் அவ்விழையின் உள்ளமைப்பு யாது என்பது நெடுங்காலம் தெளியப்படவில்லை. 1952-ஆம் ஆண்டில் ஜி. என். இராமச்சந்திரன் என்னும் இளைஞர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராகக் கிண்டிக்கு வந்தார். பெங்களூரில் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே முதுநிலைப் பட்டம் பெற்றவர் அவர். கொலாஜனின் அமைப்பு இன்னும் அறியப்படவில்லை என்று பெர்னால் என்னும் மேனாட்டறிஞர் சென்னைக்கு வந்தபோது கூறியது அவர் உள்ளத்திற் பதிந்தது. 1948-இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அண்மையிலேயே இருந்தது. அங்கிருந்து கொலாஜன் பெற்று, எக்ஸ் கதிர்களாற் சோதித்து, மூன்று இழைகள் முறுக்கிய கயிறுபோல் அஃது அமைந்துள்ளது என்று தம் உடனுழைத்த கோபிநாத் கர்த்தாவுடன் 1954-இல் உலகிற்கு அறிவித்தார். நாம் அணியும் செருப்பிலும், நம் எலும்பிலும், நம் குழந்தைகளின் தோலிலும் உள்ள அம்முப்புரிக் கயிற்றின் அமைப்பைக் கண்டு கூறியது கிண்டியில் இருந்த ஒரு சோதனைச் சாலை.

மூன்றாவது நம் தாம்பரம். 1837-இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சரியாக ஒரு நூற்றாண்டு நகரில் நடந்தபின், 1937-இல் இங்கே சேலையூர்க் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. அங்கு இரசாயனப் பேராசிரியராக இருந்தவர் எட்வர்டு பார்ன்ஸ். அவர் தொழில் இரசாயனம். ஆனால் அவர் காதல் செடிகொடிகள்மேல். முட்புதராக இருந்த அந்நிலத்தில் அரிய மரங்களைக் கொணர்ந்து நட்டார். தென்னாட்டு மலைகளில் அலைந்து செடிகளை ஆராய்ந்தார். தாவர நூலார் சில செடிகளுக்கு அவர் பெயரையே இட்டனர். இன்று அக்கல்லூரியின் நிழலில் நடக்கும் மாணவர், ஒரு துறையில் முற்றக் கற்றவன் அடுத்த துறையின் வாயிலையும் தட்டுவான் என்பதை அம்மரங்களிடமே கற்கலாம்.

அக்கல்லூரி நகரில் இருந்த காலத்தும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பின்னாளில் இராமனுடன் சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்த கே. எஸ். கிருஷ்ணன், 1920-இல் கல்கத்தாவிற்குச் செல்லுமுன்னர் அங்கே இரசாயனச் சோதனைச் சாலையில் மாணவர்க்குப் பயிற்சி அளிக்கும் பணியிலிருந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணவரைக் கூட்டி, பௌதிகம், இரசாயனம், கணிதம் எதுபற்றியும் கேட்கலாம் என்று இடந்தந்தார். பிற கல்லூரி மாணவரும் அங்கு வந்தனர் என்பர். மாஜிஸ்டர் என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த உரை யாது வேண்டும்?

இங்கே ஒருவர் இடைமறித்து, "அவர்கள் எல்லாரும் மேதைகள், எம் பிள்ளைக்கு வேண்டுவது உத்தியோகம்" என்று கூறலாம். அதுவும் தகுந்த கேள்வியே. இராமன் 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பௌதிகம் பயின்றோர்க்கும் எம்.ஏ. என்றே பட்டம் வழங்கினர். பட்டம் பெறுதற்கு முன்னரே, 1906 நவம்பரில், பதினெட்டு வயதில், ஒளியைப் பற்றிய அவர்தம் கட்டுரை இலண்டன் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. அத்தகையவரும் பட்டம் பெற்றவுடன் மேற்கொண்டது அரசாங்க நிதித் துறையில் கணக்குப் பார்க்கும் உத்தியோகமே. பத்தாண்டு அவ்வுத்தியோகத்தில் இருந்துகொண்டே, அலுவலகம் திறக்குமுன்னும் மூடியபின்னும் ஆராய்ச்சி செய்தார். 1917-இல் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். பட்டம் அவர்க்கு உடனே தந்தது சோறு அன்று. கேள்வி கேட்கும் பழக்கம். அப்பழக்கத்தை எவ்வுத்தியோகமும் அழிக்கவில்லை.

மற்றொருவர், "பட்டமே இல்லாமல் இராமானுஜன் உலகப்புகழ் பெறவில்லையா?" என்று வினவலாம். பெற்றார், மெய்யே. கல்லூரி முதற்படித் தேர்விலேயே தோல்வியுற்றவர் அவர். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய்க்குக் கணக்கராக அமர்ந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகையை, அவர்பொருட்டு விதியைத் தளர்த்தித் திங்கள் 75 ரூபாயாக வழங்கிற்று. அதனாலன்றோ அவர் கணக்கேட்டை மூடிக் கணிதத்தில் மூழ்கினார். ஆனால் விதி தளர்வது நூறாண்டில் ஒருவர்க்கு. ஏனையோர்க்குக் கதவு கதவாகவே நிற்கும்.

அக்கதவு மூடியதற்கும் ஒரு சான்று கூறுவோம். அன்னா மணி என்னும் அம்மையார் 1939-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகமும் இரசாயனமும் பயின்று சிறப்புப் பட்டம் பெற்றவர். பின்னர்ப் பெங்களூரில் இராமனிடம் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். இரவெல்லாம் கருவியின் அருகிருந்து படம் எடுத்து, ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டு, 1945-இல் முனைவர்ப் பட்டத்திற்குரிய பெருநூலையும் எழுதி அளித்தார். முதுநிலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் அவர்க்கு முனைவர்ப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் மனம் தளராமல் இங்கிலாந்து சென்று, வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பி, 1948-இல் இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்து, அதன் துணைத் தலைமை இயக்குநர்வரை உயர்ந்தார் என்பது வேறு. அறிவு நிறைந்திருந்தும், ஒரு படியின் பெயர் ஏட்டில் இல்லாமையால் ஒரு பெண்மகள் வாயிலில் நிற்க நேர்ந்தது என்பதே நாம் கருதற்பாலது.

இவ்விரு வரலாற்றையும் சேர்த்து நோக்குங்கள். பட்டமே அறிவு என்பது பேதைமை. இராமானுஜன் அதற்குச் சான்று. பட்டம் இல்லாவிடின் ஒன்றும் குறைவில்லை என்பதும் பேதைமை. அன்னா மணி அதற்குச் சான்று. பட்டம் அறிவு ஆகாது. அறிவு புகும் வாயில் ஆகும். இக்காலத்தில், 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்காண்டு இளநிலையில் உயர்ந்த தேர்ச்சி பெற்றோர் நேரே முனைவர்ப் பட்ட ஆராய்ச்சியிற் புகலாம். ஆயினும் மூன்றாண்டு பயின்ற நம் பிள்ளைகளுக்கு முதுநிலையே இன்றும் வாயில். அதன்மேல் தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவிக்குத் தேறியவர்க்கு, 2023 முதல், இளநிலை ஆய்வாளராகத் திங்கள்தோறும் 37,000 ரூபாய் உதவித்தொகையும் வழங்கப்படுகின்றது. படிக்கும் பிள்ளைக்கு அரசே படியளக்கும் இவ்வழியை நம் குடும்பங்களிற் பலர் அறிந்திலர்.

உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலால் மறுபக்கத்தையும் கூறுகின்றோம். முதுநிலைப் பட்டம் பெற்றார் அனைவர்க்கும் நல்ல உத்தியோகம் காத்திருக்கவில்லை. தேர்வுகளில் இடம் சில, எழுதுவோர் பலர். சிறு ஊதியத்திற்குக் கல்லூரிகளில் உழைப்போரையும் யாம் அறிவோம். மனமின்றி, வேறிடம் கிடைக்கவில்லை என்று இப்படிப்பிற் சேர்வோர்க்கு ஈராண்டு வீணாதலும் உண்டு. ஆகவே, எல்லாரும் எம்.எஸ்ஸி. படியுங்கள் என்று யாம் கூறவில்லை. விருப்பமும் உழைப்பும் உள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள் என்றே கூறுகின்றோம்.

இனி நம் குறைகளைச் சிறிது பேசுவோம். நம்முள் நாமே பேசாவிடின் யார் பேசுவர்? நம் திருமண அழைப்பிதழ்களில் மணமக்கள் பெயரை அடுத்துப் பட்டங்களை வரிசையாக அச்சிடுகின்றோம். அப்பட்டத்திற்குரிய நூல்கள் திருமணத்திற்குப்பின் பரண்மேல் ஏறுகின்றன. மகன் விஞ்ஞானம் பயில விரும்பினால், "பொறியியல் கிடைக்கவில்லையா?" என்று இரக்கத்தோடு கேட்கின்றோம். மகள் விரும்பினாலோ, "இவள் எம்.எஸ்ஸி. என்றால் மாப்பிள்ளை அதற்குமேல் படித்திருக்க வேண்டுமே" என்று அஞ்சுகின்றோம். மணமகன் கல்வி குறைந்துவிடுமோ என்னும் அச்சத்தால் மணமகளின் கல்வியை வெட்டுதல் என்ன நீதி? குட்டையான கதவிற்காக மகளின் தலையைக் குனியச் செய்கின்றோமேயன்றிக் கதவை உயர்த்த எண்ணினோமா? இது பட்டத்தை நெற்றித் தகடாகக் கொண்டதன் விளைவு. தகட்டிற்கு விலை பேசலாம். விதைக்கும் பருவத்திற்கு விலை உண்டோ?

பட்டம் பெற்ற நம் இளைஞர்க்கும் ஒரு சொல். நீங்கள் மாஸ்டர் என்னும் பெயரைத் தாங்குகின்றீர்கள். உங்கள் ஆராய்ச்சி யாது என்று உங்கள் பாட்டி கேட்டால், அவர்க்கு விளங்கும் தமிழில் கால்நாழிகை நேரம் கூற உங்களால் இயலுமா? இயலாதெனில், நீங்கள் இன்னும் முற்றக் கற்கவில்லை என்று அறிக. பெ. நா. அப்புஸ்வாமி என்பார் தொழிலால் வழக்கறிஞர். ஆயினும் விஞ்ஞானத்தைத் தமிழில் எளிமையாக எழுதித் தருவதை வாழ்நாள் தொண்டாகக் கொண்டார். விஞ்ஞானப் பட்டம் பெற்ற நீங்கள் அதனை வீட்டார்க்கேனும் சொல்லலாகாதா?

நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். முதலாவது: நம் கல்வி உதவித்தொகை நெடுநாளாக மருத்துவமும் பொறியியலும் பயில்வோர்க்கே சென்றுகொண்டிருக்கின்றது. ஆண்டுதோறும் விஞ்ஞான முதுநிலை பயில்வார் இருவர்க்கேனும் அதிற் பங்கு தருக; அவருள் ஒருவர் பெண்ணாக இருக்க. இரண்டாவது: அவ்வுதவி பெற்றவர், ஓராண்டு ஞாயிறுதோறும், நம் சங்கக் கட்டடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லித்தருக. மூன்றாவது: அவ்வகுப்பின் கதவு நம் குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, அத்தெருவில் வாழும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க. இன்று யாம் பெயர் கூறியோருள் ஒருவரையும் இன்ன குலத்தார் என்று யாம் கூறவுமில்லை, நீங்கள் கேட்கவுமில்லை. அறிவின் முன் அவ்வினா எழாது. நம் முன்னோர் சங்கம் கண்டது, கல்வி எட்டாதவர்க்குக் கல்வியை எட்டச் செய்தற்கே. அப்பயனை நாம் பெற்றபின், அதனை அடுத்த வீட்டார்க்கும் நீட்டுதலே அவர்க்குச் செய்யும் நன்றி.

இறுதியாக, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவரே, உங்கள் வினாவிற்கு வருகின்றோம். அப்படிப்பிற்கு அர்த்தம் என்ன என்று கேட்டீர்கள். ஒருவரும் அறியாத ஒன்றை அஞ்சாமற் கேட்கவும், கேட்டதை நேர்மையாக ஆராயவும், ஆராய்ந்ததைப் பிறர்க்குச் சொல்லவும் பழகுதலே அதன் அர்த்தம். உங்கள் பேத்திக்கு உத்தியோகம் கிடைக்கும் என்று யாம் உறுதி கூறமாட்டோம்; அஃது எம் கையில் இல்லை. ஆனால் அவள் வீட்டில் வளரும் குழந்தை 'ஏன்?' என்று கேட்கும்போது, 'சும்மா இரு' என்று அவள் கூறமாட்டாள் என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவோம். அவ்வொன்றே ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குப் போதிய செல்வம்.

ஐயா, நீங்கள் உங்கள் இளமையில் நிலத்தை உழுதவர். பட்டம் தவறினால் விளைச்சல் இல்லை என்பதை எம்மினும் நன்கு அறிவீர்கள். திருமணத்திற்கு முகூர்த்த நாட்கள் ஆண்டுதோறும் வரும். இக்கல்விக்குரிய பட்டம் அவ்வாறு மீண்டும் மீண்டும் வருவதன்று. கல்லூரியில் பணம் கட்ட இன்னும் சில நாட்களே உள்ளன என்று அறிகின்றோம். விதை உங்கள் வீட்டில் இருக்கின்றது, பருவமும் வந்திருக்கின்றது, மற்றதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

 நம் பிள்ளைகளின் கல்வி ஓங்குக; அவர் கல்வியால் நம் ஊர் நலம் பெறுக.